இறக்கத்தில் ஏறிய சார்ஜ்

ராக்கெட் இன்றும் ராக்கெட்டாகத்தான் மலையேறினார்.

டிப்போவில் அவருக்கு வைத்த பெயர் அது. டீசல் பஸ் ஓட்டிய காலத்தில் அவர் வண்டியில் வந்தவர்கள் கம்பியைப் பிடித்த கை சிவக்கச் சிவக்கத்தான் இறங்குவார்களாம். மின்சார பஸ் வந்த பிறகும் மனிதர் துளிக்கூட மாறவில்லை.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பொறியாளர் பெண் முன்னால் இருந்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பாதி, வளைவுகளில் அவர் காட்டிய வேகத்தால். மீதி, ஓட்டுநர் முன்னால் இருந்த திரையில் மளமளவென்று கரையும் சார்ஜைப் பார்த்து.

ஊரில் டீசல் புகையை ஒழிக்க வேண்டுமென்றால் மலை வழியையும் விட்டுவைக்கக் கூடாது என்று மேலாளரிடம் ஒற்றைக்காலில் நின்று இந்த பஸ்களை ஓடவிட்டவள் அவள்தான். ஓடத்தான் ஓடின. ஆனால் மலையேறி இறங்கி டிப்போ வாசலை மிதிப்பதற்குள் ஒவ்வொன்றுக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

ராக்கெட்டின் காலை வண்டி மட்டும் கால்வாசி சார்ஜை மிச்சம் பிடித்துக்கொண்டு சாவகாசமாகத் திரும்பும். அதே பஸ்தான், அதே மலைதான். சாயங்கால வண்டியில் அவரும் மற்றவர்களைப் போலத்தான்.

மீட்டரில் ஏதோ தில்லுமுல்லு என்று மேலாளர் முடிவே கட்டிவிட்டார். இன்றைக்குக் காரணம் தெரியாவிட்டால் நாளைக்கு மறுபடியும் டீசல் பஸ்.

அது ஒரு பக்கம் இருக்கட்டும். இது என்ன மாயம் என்று தெரிந்துகொள்ளாமல் அவளுக்கு மண்டையே வெடித்துவிடும் போலிருந்தது.

உச்சியில் ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றது. இரவு டியூட்டி முடிந்த நர்ஸம்மா ஒருவர் ஏறினார். ராக்கெட் கையை நீட்டி அவருடைய பையை வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டார். வா என்றுகூடச் சொல்லவில்லை. புருஷன் பெண்டாட்டிதான், சந்தேகமே வேண்டாம்.

நர்ஸம்மா பொறியாளருக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கண்ணாடியில் தலையைச் சாய்த்தார். கண்ணை மூடினார்.

ராக்கெட் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைத் திருப்பி அந்த முகத்தை ஒருமுறை பார்த்தார்.

அப்புறம் பஸ் கிளம்பியதே தெரியவில்லை.

வளைவு தூரத்தில் தெரியும்போதே காலை மெல்ல எடுத்துவிட்டார். பேட்டரி பஸ்ஸில் அது போதும். இறக்கத்தில் உருளும் சக்கரமே மின்சாரம் செய்து பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். கடைசி நேரத்தில் பிரேக்கில் ஏறி மிதித்தால்தான் எல்லாம் வெறும் சூடாகிப் போய்விடும்.

ராக்கெட் பிரேக்கைத் தொட்ட மாதிரியே இல்லை. பள்ளங்களைப் பார்த்துப் பார்த்து ஒதுங்கினார். திரையில் எண் ஒவ்வொன்றாக ஏறியது.

தில்லுமுல்லும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அசந்து தூங்குகிற பெண்டாட்டி விழித்துவிடக் கூடாது, அவ்வளவுதான். பொறியாளருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

ஒரு வளைவில் நர்ஸம்மாவின் தலை லேசாகச் சரிந்தது. அவள் பதறித் தாங்கப் போனாள்.

ஒரு கண் மட்டும் திறந்தது. அதில் தூக்கத்தின் சுவடே இல்லை.

"காட்டிக் குடுத்துடாதம்மா," என்றார் நர்ஸம்மா, உதடு அசையாமல். "நான் முழிச்சிருந்தா இந்த மனுஷன் பறப்பாரு. கல்யாணமான நாள்லேருந்து மெதுவாப் போங்கன்னு கத்திப் பாத்துட்டேன், காதுலயே வாங்கல. தூங்கினாத்தான் கேக்குறாரு."

கண் மூடிக்கொண்டது.

அதே சமயம் பார்த்துக் கைப்பேசி அதிர்ந்தது. மேலாளர்.

"என்னம்மா, அந்த மீட்டர் தில்லுமுல்லைக் கண்டுபிடிச்சியா?"

அவள் நிமிர்ந்தாள். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் ராக்கெட்டின் இரண்டு கண்களும் கவலையோடு அவளையும் கைப்பேசியையும் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"கண்டுபிடிச்சுட்டேன் சார், எல்லா டிரைவருக்கும் சொல்லிக் குடுத்துடலாம். வந்து பேசுறேன். பக்கத்துல ஒருத்தங்க நல்லாத் தூங்கிட்டிருக்காங்க."

ராக்கெட் நன்றியோடு தலையசைத்தார்.

ஜன்னலோரத்திலிருந்து, அளவாக, ஒரு குறட்டைச் சத்தம் கேட்டது.