நாகராசு வகையறா

“பங்கு வாங்க தூக்குச்சட்டி எடுக்கலையா?” என்றாள் சரண்யா.

“வெறுஞ்சட்டியோட திரும்பி வரவா?” என்றான் கண்ணன்.

வல்லத்திராக்கோட்டையில் அன்று குலசாமிக்குக் கிடாவெட்டு. முறைவைத்துப் பூசை செய்யும் பங்காளிகளுக்கு வீட்டுக்கு ஒரு பங்கு கறி உண்டு. சந்தையில் அநாதையாகக் கிடந்த கண்ணனை எடுத்து வளர்த்த நாகராசு இறந்தபின் வரும் முதல் கிடாவெட்டு இது.

“அப்பா முகத்துக்காகச் சும்மா இருந்தாங்க. இனிமே நான் யாரு? நான் துபாய்ல இருந்தப்ப, நம்ம மகன் பொறந்த சேதி கேட்டதும் கோயிலையே பூட்டுனவங்கதானே?”

ஆனாலும் மகனைத் தூக்கிக்கொண்டு போய், கோயில் வாசலில் ஒதுங்கி நின்றான்.

“ஏண்டா அங்கிட்டே நிக்கிற?” என்றார் நாகராசுவின் அண்ணன் திருமுருகன்.

“எனக்கேது பெரியப்பா பங்கு? இவன் பொறந்ததுக்குக் கோயிலைப் பூட்டுனீங்களே!”

திருமுருகன் சிரித்துவிட்டார்.

“கூறுகெட்டவனே! ஒரு வீட்ல பிள்ளை பொறந்தா பங்காளி எல்லாருக்கும் தீட்டுடா. தீட்டோட யாரு உள்ள போயி பூசை பண்றது? அதான் பூட்டுனோம். நீ யாரோன்னா, ஒன் பிள்ளைக்கு நாங்க ஏண்டா தீட்டுக் காக்கணும்?”



கறி பிரிக்கும் இடத்திலிருந்து சத்தம் வந்தது. “நாகராசு வகையறா! சட்டி எங்கப்பா?”

மகனை இறக்கிவிட்ட கண்ணன், தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து, இரண்டு கைகளாலும் விரித்து ஏந்தினான்.