ஒரு காதுக்குப் போதுமான கரண்ட்

"எட்டி ரத்னபாய், பெத்த அப்பனுக்கு அதைக் குடுத்தா உனக்க காது தேஞ்சா போவும்?"

வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள் புஷ்பபாய். கட்டிலில் கிடந்த ராஜையா அவளுடைய அண்ணன்.

ரத்னபாய் இயர்போனை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

ராஜையா தன் கையாலேயே செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிக் கட்டிய ரேடியோ அது. பாட்டரி கிடையாது. தென்னைமர உச்சியில் கட்டிய கம்பி கொண்டுவரும் கரண்ட், ஒரு காதுக்குத்தான் போதும்.

பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரைத் தாலுகாவைத் தமிழ் மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டு ஊர்வலம் போய் அடிபட்டவர் அவர். ஒரு வருஷமாகப் படுக்கை. டாக்டரும் கைவிட்டாயிற்று. எந்தெந்தத் தாலுகா சேரும் என்ற கமிஷன் முடிவைத் திருவனந்தபுரம் ஸ்டேஷன் இப்போது வாசித்துக்கொண்டிருந்தது.

"மக்கா, நம்ம நெய்யாற்றின்கரை?"

"உண்டுப்பா. சேர்ந்தாச்சு." அவள் திரும்பாமலே சொன்னாள்.

"கர்த்தாவே! தா, நானும் ஒருக்க கேக்கட்டு."

"சத்தம் கொறவாக்கும். பொறவு தாறேன்."

"பொறவா?" புஷ்பபாய் கட்டிலைச் சுற்றி வந்தாள். "எந்தத் தாலுகா எங்க போனா எனக்கென்ன? சாவக் கெடக்க மனுஷனுக்க ஆசையாக்கும் இது. காலேஜில படிச்சது இந்தக் கல்நெஞ்சைத்தானா?"

இயர்போனைப் பிடுங்கி அண்ணன் காதில் வைத்தாள்.

ரத்னபாயின் விரல் சட்டென்று ரேடியோப் பெட்டிக்குள் போனது. அங்கே ஒரு கல், அதன்மேல் ஒரு ஊசி. ஊசி கல்லைத் தொட்டால்தான் காதில் சத்தம் வரும். அவள் ஊசியைத் தூக்கிவிட்டாள்.

ராஜையா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கேக்குதா அண்ணே?"

"நல்லா கேக்குது. நம்ம தாலுகாவைத்தான் சொல்லுதான்."

"கண்டியாட்டீ? இதுக்காக்கும் இவ்வளவு பிகு!" புஷ்பபாய் முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

ரத்னபாய் தலை குனிந்து நின்றாள். இயர்போனை வாங்கக் கை நீட்டினாள். அவர் தரவில்லை.

"மக்கா, அவ போயாச்சு. இனி ஊசியைக் கல்லுல வை. நம்மது இல்லாட்டாலும், சேர்ந்த தாலுகாக்களுக்க பேரையாவது கேக்கட்டு."