மேய்ச்சல் திட்டு

ஆற்று நடுவே இருந்த திட்டில் ஆள் குடியில்லை. நாணலும் நீர்க்காகங்களும், கறவை வற்றியதும் ஊரார் கோடையில் ஓட்டிவிட்ட பசுக்களும்தான். கைவிடுவது என்று யாரும் சொல்வதில்லை; மேயவிடுவது என்பார்கள். பசுவைத் தாயென்று மேடைதோறும் முழங்கும் சென்னியப்பனும், அத்தனை வருஷம் வீட்டுக் காபிக்குப் பால் கொடுத்த செவலையை அங்கேதான் மேயவிட்டிருந்தார். தாய்க்கும் காற்றோட்டம் வேண்டாமா?

மேலே அணையைத் திறந்துவிட்டதில் திட்டு சுருங்கிக்கொண்டே வந்தது. மிச்சமிருந்த மேட்டில் செவலை மட்டும் நின்றது. கரையில் கூட்டம்.

"உங்க மாடாட்டத் தெரியுதுங்க, தலைவருங்களே," என்றான் பரிசல்காரன் மாரப்பன். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எப்படியாச்சும் போய்ப் பாக்கறனுங்க."

ஆமாம் என்பது அவர் தொண்டைவரை வந்தது. கூட்டம் திரும்பிப் பார்த்ததும் உள்ளே இறங்கிவிட்டது. திட்டுப் பக்கம் பார்க்காமல், மைக் தேவைப்படாத அந்தப் பெருங்குரலில் சொன்னார்: "நம்ம மாட்ட நான் இப்படி உடுவனாப்பா? எவன் மாடோ!"

வெள்ளத்தின் இரைச்சலைத் தாண்டி அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது. செவலை காதை நிமிர்த்தியது. குரல் வந்த திசையை நோக்கித் தண்ணீரில் காலை வைத்தது.