வெள்ளிக்கிழமையின் கடைசிப் பெயர்

மருத்துவமனையில் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில், வெள்ளிக்கிழமை கடைசியாகப் பதிந்த பெயர் மட்டும் சிதைந்து வெறும் கட்டங்களாக நின்றது. ஆறு வாரமாக இப்படித்தான். கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வந்த ஞானசேகர் ஹார்ட் டிஸ்க்கை மாற்றிப் பார்த்தான், மெமரியைச் சோதித்தான். கடைசியில் அதன் இயங்குதளத்தின் உள்ளே, கெர்னல் அமைப்புகளைத் திறந்தான். திரையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று காட்டிய பிறகும் அந்த இயந்திரம் பதிந்ததை முப்பது நொடி மெமரியிலேயே வைத்திருந்து, அப்புறம்தான் டிஸ்க்கில் எழுதியது.

“வெள்ளிக்கிழமை கடைசிப் பேரை ஏத்தினதும் என்னக்கா பண்ணுவீங்க?”

பட்டியலைப் பதியும் மங்கையர்க்கரசி சுவரிலிருந்த சுவிட்சைக் காட்டினாள். “உடனே சுவிட்சை அணைச்சிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியைத் துடைச்சு மஞ்சள் குங்குமம் வைப்பேன் சார். கரண்ட் இருக்கறப்போ ஈரத்துணி வைக்கக் கூடாதுல்ல? கடைசியா பதிஞ்சவங்க பேரைச் சொல்லி, இவங்களுக்குச் சீக்கிரம் கிடைக்கணும்னு வேண்டிப்பேன்.”

அவன் முப்பது நொடியை ஒரு நொடியாக மாற்றினான். பட்டியலில் சிதைந்திருந்த ஆறு வரிகளையும் திறந்தான்.

“அந்தப் பேரெல்லாம் ஞாபகம் இருக்காக்கா?”

“வேண்டிக்கிட்ட பேரு எப்படி சார் மறக்கும்?”

போன வாரத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக, ஊரும் வயதும் சேர்த்துச் சொன்னாள். அவரவர் தேதியிலேயே அவன் ஏற்றினான். ஐந்து பெயர் முடிந்தது.

“முதல் வாரத்துப் பேரு?”

மங்கையர்க்கரசி பெட்டியின் மேலிருந்த குங்குமத்தை முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள்.

“அது இனிமே வேண்டாம் சார்.”