திவ்யாவின் பொட்டு

முந்தானையைச் செம்புத் தண்ணீரில் முக்கி, இறந்துபோன தங்கச்சி திவ்யா படத்தின் கண்ணாடியில் வைத்திருக்கும் குங்குமத்தைப் பரபரவென்று அழிக்கிறாள் சின்னத்தாய். அது கரைந்து, திவ்யாவின் மூக்கு வழியாகச் சிவப்பாக இறங்குகிறது. அலங்காநல்லூர் வீட்டின் கூடமெல்லாம் சாம்பிராணிப் புகை. வாசல் பந்தலில் மைக்செட்காரர் "ஹலோ, ஹலோ" என்று சோதித்துக்கொண்டிருக்கிறார். திவ்யாவின் புருஷன் அருள்பாண்டிக்கு நாளை இரண்டாம் கல்யாணம். பூவும் பொட்டுமாகப் போன முதல் மனைவிக்கு அவள் பிறந்த வீட்டுச் சேலையை வைத்துப் படைத்து, அதைப் புதுப்பெண்ணுக்குக் கட்டிவிடுவது இந்த வீட்டு வழக்கம். அதற்காகத்தான் சின்னத்தாயை வரவழைத்திருக்கிறார்கள். சேலை இன்னும் அவள் கக்கத்தில்தான் இருக்கிறது.

"ஏத்தா, கிறுக்கா பிடிச்சிருக்கு? புருஷன் உசுரோட இருக்கையில பொட்டை அழிக்கிற!" அருள்பாண்டியின் அப்பா பேயாண்டி பாய்ந்து வருகிறார். அவர் பின்னால் புதுப்பெண் தேன்மொழி, மருதாணி சிவந்த கைகளை நீட்டுகிறாள்.

"அந்தக்கா காய்ச்சல்ல போச்சாமே, பாவம். சேலையைக் குடுங்கக்கா, கட்டிக்கிறேன்."

"காய்ச்சலா? அப்படியா சொன்னாக?" சின்னத்தாய் சேலையை இறுக்கிக்கொள்கிறாள். "மாமா, இந்தப் புள்ளைகிட்ட உண்மையைச் சொல்லுங்க. அப்புறம் தாரேன்."

தூணோரம் நிற்கும் அருள்பாண்டி தலையைக் குனிந்துகொள்கிறான். வாசலில் மைக் கிறீச்சிட்டு அடங்குகிறது. பேயாண்டி ஈரம் சொட்டும் படத்தைப் பிடுங்கிக்கொண்டு கத்துகிறார்:

"இவளைக் கொன்னதுக்குத்தான் எம்மகன் ஏழு வருசம் ஜெயில்ல கெடந்துட்டு வந்துட்டான்ல! இன்னும் எம்புட்டுக் கேப்ப?"