சேவை மனப்பான்மை

மத்தூரில் எங்கள் தையல் கம்பெனி, சமூகப் பொறுப்பு நிதியில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு எட்டுக் கழிப்பறைகள் கட்டிக்கொடுத்தது.

“தினம் சாப்பாட்டு நேரத்துல போய்க் கழுவித் தரணும். சம்பளம் கிடையாது, சேவை. யாரு வர்றீங்க?” என்றார் ஹெச்.ஆர். மேனேஜர் கிரீஷ்.

நாற்பது பெண்கள் கைதூக்கினோம். போனஸ் கேட்கும்போதுகூட இத்தனை கை எழுந்ததில்லை.

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. “என்ன மனசுய்யா இவங்களுக்கு!”

“எல்லாம் நம்ம ட்ரெய்னிங் சார்” என்ற கிரீஷ், நாகவேணியை முன்னால் இழுத்துவிட்டார். “ஏன் வர்றேன்னு சார்கிட்ட சொல்லும்மா.”

“கழுவிட்டு நாங்களும் போய்க்கலாம்ல சார்? இங்க இருநூறு பேருக்கு ஒரே கக்கூஸ். அதுக்கும் டோக்கன் வாங்கணும்.”

மறுநாள் நோட்டீஸ் போர்டில் கிரீஷின் கையெழுத்தோடு ஓர் அறிவிப்பு: ‘சேவைக்குச் செல்வோர் டோக்கன் பெற்றுச் செல்லவும்.’