பாஸ்கால் நடக்கும் காட்சிகள்

திரையில் பாஸ்கால் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான்.

கொட்டகையில் சிரிப்பு எழுந்தது. "அவனேதான்யா," என்று பின்வரிசையில் ஒரு பழைய ரக்பி ஆட்டக்காரர் உரக்கச் சொன்னார்.

கஸ்தெல்னோவில் இருப்பது அந்த ஒரே கொட்டகைதான். பாரிஸில் வெளியாவதற்கு முன் படத்தை இந்த ஊரில்தான் போட்டுக்காட்ட வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதமாக இருந்தார். ஊரே திரண்டிருந்தது. மேயர் பதவிக்குரிய மூவர்ணப் பட்டையைத் தோளில் அணிந்து வந்திருந்தார். இடம் கிடைக்காதவர்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

நடு வரிசையில் பாஸ்காலின் மனைவி மாரிஸ். பக்கத்தில் அவனுடைய அக்கா ஒதில்.

பாஸ்கால் இறந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. இருபத்தாறு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கழுத்து முறிந்தவன். அதற்குப் பிறகு கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. அப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தான். சக்கர நாற்காலியில் மைதானத்தின் ஓரத்தில் இருந்துகொண்டு ஊர் அணிக்குப் பயிற்சி கொடுத்தான். பந்தைத் தவறவிட்டவனை அவன் திட்டுவது மாதா கோயில் வரை கேட்கும். ஊரார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது எப்படியோ பாரிஸ் வரை போய்ப் படமாகிவிட்டது.

பாஸ்காலாக நடித்தவர் பாரிஸ்காரர். படப்பிடிப்புக்கு முன் பல நாட்கள் மாரிஸின் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தார். தலையை எப்படிச் சாய்ப்பான், சூப்பை எப்படி உறிஞ்சுவான், கோபம் வந்தால் எந்தப் புருவம் ஏறும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மாரிஸ் ஒவ்வொன்றையும் செய்தே காட்டினாள்.

எப்படி நடப்பான் என்று கேட்டபோது மட்டும், அதை ஒதிலிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

திரையில் இப்போது ஜூலை பதினான்கு, தேசிய தினக் கொண்டாட்டம். சதுக்கத்தில் விளக்குச் சரங்கள், அக்கார்டியன் இசை. பாஸ்கால் ஆடினான். ஒரு பெண்ணோடு, பிறகு இன்னொரு பெண்ணோடு, பிறகு ரொட்டிக்கடைக்காரரின் மாமியாரோடு. கொட்டகை கைதட்டியது. அடுத்த காட்சியில் பாலத்திலிருந்து ஆற்றுக்குள் குதித்தான்.

ஒதில் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். அச்சு அசல் தம்பியின் நடை, அந்தத் தோளை ஆட்டுவதுகூட அப்படியே, என்று முணுமுணுத்தாள்.

மாரிஸின் முகத்தில் ஒன்றும் இல்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அவளுக்கு வேறு நாட்கள் நினைவில் ஓடிக்கொண்டிருந்தன. படுக்கையில் அவனைப் புரட்டிவிட வேண்டிய நேரம் வந்தால், இந்தப் பக்கம் வெந்துவிட்டது, திருப்பிப் போடு என்பான். பேப்பரை இருவரும் ஒன்றாகத்தான் வாசிப்பார்கள். அவன் 'ம்' என்றால் அவள் பக்கத்தைத் திருப்ப வேண்டும். அவள் வாசித்து முடித்திருக்க மாட்டாள். தினம் அதற்கு ஒரு சண்டை. சூப் ஒரு கரண்டி அவனுக்கு, ஒரு கரண்டி அவளுக்கு. இப்போதும் தனியாகச் சாப்பிடும்போது இரண்டாவது கரண்டிக்குக் கை தயங்கும்.

கொஞ்ச நேரம் வெளியே போய் நிற்கலாமா என்று ஒதில் காதோரம் கேட்டாள். மாரிஸ் வேண்டாமென்று தலையசைத்தாள்.

திரையில் மழை. மைதானம் சேறாகக் கிடந்தது. இரண்டு அணிகளும் தலை குனிந்து, தோளோடு தோள் முட்டி நின்றன. நடுவில் பாஸ்கால்.

கொட்டகையில் யாரும் இருமவில்லை. வரப்போவது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், இந்தத் தடவையாவது நடக்காமல் போகட்டும் என்பதுபோல் இருக்கையின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்கள். பின்வரிசைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஒதில் கண்களை மூடிக்கொண்டாள்.

மாரிஸ் மூடவில்லை. இருக்கையில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

குவியல் சரிந்தது. ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவன் எழவில்லை.

திரை வெள்ளையானது. மெதுவாக அது ஒரு ஆஸ்பத்திரி அறையின் கூரையானது. பிறகு தலையணையில் பாஸ்காலின் முகம். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. முகம் திரும்பவில்லை. கண்கள் மட்டும் அந்தப் பக்கம் போயின.

"மூக்கு அரிக்குது மிஸ். காலையிலேர்ந்து ஆள் தேடிட்டிருக்கேன். கொஞ்சம் சொறிஞ்சு விட்டீங்கன்னா உங்களையே கட்டிக்கிறேன்."

யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை.

மாரிஸ் சிரித்தாள். அடக்க முடியாமல், வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். முன்வரிசைத் தலைகள் திரும்பின. மேயரும் திரும்பிப் பார்த்தார்.

வெள்ளை உடையில் ஒரு இளம் நர்ஸ் கட்டிலருகே வந்து, சற்றுத் தயங்கி, ஒரு விரலை நீட்டினாள். அவளுடைய சட்டையில் குத்தியிருந்த பெயர், மாரிஸ்.

அந்த அறைக்குள் வருவதற்கு முன் அவள் பாஸ்காலைப் பார்த்ததே கிடையாது. இவ்வளவு நேரம் ஊரே கைதட்டிக் கொண்டாடிய அந்த ஆட்டக்காரனை அவளுக்கு யாரென்று தெரியாது.

ஒதில் கண்ணைத் திறந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டான்," என்றாள் மாரிஸ்.